அஞ்சாப்புலியின் மரம்

நாலு மணிக்குக் கலெக்டர் வருகிறார் என்றால் நாலு மணிக்கு வரமாட்டார் என்று அர்த்தம். சங்குமேட்டுக்குப்பத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது, இருந்தும் மத்தியானச் சோறு நெஞ்சைவிட்டு இறங்குவதற்குள் தையல்நாயகியைப் பட்டுப்புடவை கட்டவைத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான் மகன் மதியழகன். இஞ்சயே குந்தியிரும்மா, எங்கயும் எந்திரிச்சுப் போயிடாத. எங்கே போவது? அறுபது வயசுக்கு மேல் எங்கே ஓடிப்போவாள் என்று நினைக்கிறான்? கதவைச் சாத்தி ஏசி வேறு போட்டுவிட்டார்கள், முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. சுனாமிக்குப் பிறகு யாரோ ஒரு வெளிநாட்டுப் புண்ணியவான் கட்டிக்கொடுத்த கூடம் இது, இத்தனை வருஷமும் கிழிந்த வலையும் கருவாட்டு மூட்டையும் போட்டுவைக்கிற கிடங்காகக் கிடந்தது, இப்போது வெள்ளையடித்து, வழுக்குகிற டைல்ஸ் பதித்து, வாசலில் 'சங்குமேடு மக்கள் அருங்காட்சியகம்' என்று பலகை மாட்டியாகிவிட்டது. எவ்வளவு வெள்ளையடித்தாலும் கருவாட்டு வாசனை போகவில்லை, அந்த மட்டில் சுவருக்கு ரோஷம் இருக்கிறது. மூலையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அதிலிருந்து அலைச்சத்தம். கதவைத் திறந்தால் கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்கிறது, அது உள்ளே கேட்காமலிருக்கக் கதவைச் சாத்திவிட்டு எந்த ஊர்க் கடலையோ பெட்டியில் அடைத்துப் பாடவைத்திருக்கிறார்கள், அந்தக் கடலில் நாலு அலை அடிக்கும், பிறகு மூச்சை நிறுத்தும், மறுபடி அதே நாலு அலை. எதிரே வலையைப் பிடித்துக்கொண்டு துணிக்கடைப் பொம்மை ஒன்று நிற்கிறது, மைதா மாவு நிறம், இடுப்பில் கைலி, தலையில் துண்டு, மையால் இழுத்த மீசை. 'நம் ஊர் மீனவர்' என்று காலடியில் அட்டை. அந்த மூக்கோடு இந்த ஊரில் ஒருத்தன் பிறந்திருந்தால் அவனைப் பெற்றவளைப் பஞ்சாயத்தில் நிறுத்தியிருப்பார்கள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுக்கமுடியாதது நடுக்கூடத்தில், கயிறு கட்டி, விளக்குப் போட்டு வைத்திருந்தது. அவள் அப்பா அஞ்சாப்புலியின் மரம்.

மூன்று கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய சின்னக் கட்டுமரம், ஒரு ஆள் குந்தலாம், மிஞ்சிப்போனால் பக்கத்தில் ஒரு மீன்கூடை வைக்கலாம். ஃபைபர் படகு வந்ததும் ஊரில் எல்லோரும் மரத்தை அறுத்து அடுப்பெரித்துவிட்டார்கள், இது ஒன்றுதான் மிச்சம், சுனாமி இழுத்துப்போயும் சவுக்குத்தோப்பில் ஒதுங்கிக் கிடைத்தது, பிறகு அவள் வீட்டுப் பின்பக்கம் கீற்றுக்கு அடியில் கிடந்தது, ஊர் கேட்டது என்று மதியழகன்தான் தூக்கிக் கொடுத்தான். கொடுத்துத் தொலைந்தது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்திருக்கிறார்கள், கல்யாண வீட்டுக் கட்டில் மாதிரி மினுமினுக்கிறது, அப்பா மீனெண்ணெய் பூசிப் பூசிக் கறுத்திருந்த கட்டை அது, கிட்டே போனால் குடல் புரளும். அதுகூடப் போகட்டும். பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பலகை, அதில் எழுதியிருக்கிறதே, அதைத்தான் வந்ததிலிருந்து எத்தனையாவது தடவையாகவோ படிக்கிறாள், படிக்காமலிருக்கவும் முடியவில்லை, சொத்தைப் பல்லை நாக்கு போய்ப் போய்த் தொடுகிற மாதிரி கண் அங்கேயே போகிறது. 'ஒற்றுமையின் சின்னம். ஊரே ஒரு குடும்பமாய்க் கூடித் தொழில் செய்த நாட்களின் சாட்சி.' கூடியாம். குடும்பமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள், பூசணிக்காய்க்கு வார்னிஷ் அடித்து, விளக்குப் போட்டு, இதுதான் சோறு என்று எழுதிவைப்பவர்களை இப்போதுதான் பார்க்கிறாள். கூடித் தொழில் செய்தவனுக்கு ஒற்றை ஆள் மரம் எதற்கு? எழுதினவர்களில் ஒருத்தருக்குமா அது உறைக்கவில்லை? அப்பாவும் முதலில் மூன்று பேரோடு பெரிய மரத்தில் போனவர்தான், பாதிப் பங்கு அவருடையது. பிறகு ஒரு ஐப்பசியில் ஊர் அவரைத் தள்ளிவைத்தது, கூடப் போக ஒரு ஆளில்லை, அதனால்தான் கரையில் ஒதுங்கின கட்டைகளைப் பொறுக்கித் தன் கையாலேயே இதைக் கட்டினார். ஊர் விலக்கின மனுஷனின் மரம் இது. இதைக் கொண்டுவந்து வைத்து ஒற்றுமை என்கிறார்கள்.

செய்த குற்றம் என்ன என்று கேட்டால் சிரிப்புதான் வரும், சிரித்தால் வயிற்றெரிச்சல் வரும். ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிறவரை யாரும் கடலில் இறங்கக்கூடாது, கட்டுப்பாடு. அப்பா கோழி கூவுவதற்கு முன்பே மரத்தைத் தள்ளிவிட்டார், அன்றைக்குப் பார்த்துப் பெரிய மரத்துக்காரர்கள் மற்ற மூன்று பேருக்கும் காய்ச்சல், தனியாகத்தான் போனார். அவர் போன பிறகு நாட்டாருடைய அப்பா செத்துப்போனார். நாட்டார் என்றால் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர், அவர் சொன்னால் சொன்னதுதான். உச்சிப்பொழுதில் கூடை நிறையக் காலா மீனோடு கரைக்கு வந்தவரை ஊரே நின்று மறித்தது. மீனை மணலில் புதை, ஊர்க் காலில் விழு. "நான் மரம் தள்ளுறப்ப பெரியவரு உள்ள இருமிக்கிட்டு இருந்தாரு, என் காதால கேட்டேன். இருமுன மனுசனுக்கு எப்புடி நான் சாவு காக்குறது?" என்றார் அப்பா. நியாயம்தானே. ஆனால் நியாயத்தை அந்தக் குரலில் சொல்லியிருக்கவேண்டாம். மீனை விற்றார், காலிலும் விழவில்லை, சாயங்காலம் தமுக்கடித்துச் சொல்லிவிட்டார்கள், அஞ்சாப்புலி குடும்பத்தோடு அன்னந்தண்ணி புழங்கக்கூடாது, பேச்சுவார்த்தை கூடாது, மீறினால் தெண்டம். அவள் அப்போது ஒன்பது வயசுப் பிள்ளை. மறுநாள் காலையில் தண்ணீர்க் குடத்தோடு போனபோது குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, குடங்களை எடுத்துக்கொண்டு, ஒருத்தி பின் ஒருத்தியாகப் போனார்கள். ஆகா, இன்றைக்குக் கூட்டமில்லை என்று சந்தோஷப்பட்டாள், அவ்வளவு முட்டாள். பக்கத்து வீட்டு அஞ்சலைக்குத்தான் மனசு கேட்கவில்லை, அவளும் பேசமுடியாது, அதனால் தன் வீட்டு ஆட்டிடம் பேசுவாள். வேலியோரம் நின்றுகொண்டு, "ஏ ஆடே, இன்னிக்கு வாடைக்காத்து மோசம், கடலுக்குக் கிடலுக்குப் போயிடாத," "ஏ ஆடே, ரேசன்ல மண்ணெண்ணெய் வந்திருக்கு, வெள்ளன போ." ஆடு தழையைத் தின்றுகொண்டிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் அதற்கும் கூடிப் பேசினார்கள், ஆட்டிடம் பேசினது குற்றமா என்று. அந்த ஆட்டை ஏன் இங்கே கொண்டுவந்து வைக்கவில்லை? பொம்மைக்கு வைத்த விளக்கை அதற்கு வைத்திருக்கலாம். வீட்டுக்குள்ளேயும் பேச்சு செத்துவிட்டது, வெளியில் பேசாத வாய்க்கு உள்ளேயும் பேச வராது போல. தூளியில் கிடந்த தம்பிக்கு மட்டும்தான் சத்தம் இருந்தது, பேர்கூட வைக்கவில்லை அவனுக்கு, பேர் வைக்க நாலு பேர் வேண்டுமே, அந்த மாசியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டு, அந்த விடியற்காலையில். இல்லை. தூளி. தூளிச் சேலை பச்சைக் கலர். ஏசியை யாராவது குறைத்தால் தேவலை, விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது.

"தையல்நாயகி அம்மா. அம்மா. உங்களத்தான்மா." மூன்றாவது தடவைதான் அவள் திரும்பினாள். எப்போதும் அப்படித்தான், யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவைக்குத் தலை திரும்பாது, நம்மை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று உடம்பு தானாக முடிவு கட்டிவிடும், காது டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் குறையில்லை என்றார், குறை எங்கே என்று அவளுக்குத் தெரியும், சொல்லவில்லை. கூப்பிட்டவள் ஹரிணி, சென்னையிலிருந்து வந்து இதையெல்லாம் அடுக்கிவைக்கிற பெண், குட்டை முடி, கைத்தறிப் புடவை, காலையிலிருந்து சாப்பிடவில்லை போலிருக்கிறது, முகம் வாடிக்கிடக்கிறது. "கலெக்டர் பேசி முடிச்சதும் நாட்டார் உங்கள கூப்பிடுவார்மா. அப்பாவப் பத்தி நாலு வார்த்த. பயப்படாதீங்க, இயல்பா பேசுங்க." இயல்பாகப் பேசுவதாம். "அந்தப் பலகையில எழுதுனது யாரும்மா?" என்று கேட்டாள் தையல்நாயகி. "கமிட்டில எல்லாரும் சேர்ந்து சொன்னாங்க, நான் எழுதினேன். நல்லா இருக்காம்மா?" என்றாள் அந்தப் பெண், கண் அவ்வளவு ஆசையாகப் பார்த்தது. இவளிடம் கோபித்து என்ன செய்வது? இவள் வராமலா இருந்தாள், இரண்டு பகல் முழுக்க வீட்டில் வந்து உட்கார்ந்து, போனை முன்னால் வைத்துப் பதிவுசெய்து, உங்க சின்ன வயசு ஞாபகம் சொல்லுங்கம்மா என்று கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டாளே. தையல்நாயகி என்ன சொன்னாள்? கருவாடு காயப்போடுவது எப்படி என்று சொன்னாள். நெத்திலிக்கு எவ்வளவு உப்பு, வாளைக்கு எவ்வளவு உப்பு. மழை வந்தால் எப்படி மூடுவது. உப்பு, உப்பு, உப்பு, ஒரு மனுஷி தன் ஆயுசைப் பற்றிக் கேட்டதற்கு உப்பைப் பற்றி அவ்வளவு நேரம் பேசமுடியும் என்று அவளே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். எல்லாம் மதியழகன் வாசலில் நின்று பார்த்த பார்வைக்காக. பக்கிரிசாமி அண்ணனுடைய மகனோடு சேர்ந்து புதுப் படகில் பங்கு போட்டிருக்கிறான், இந்த வைகாசியில் இறக்கப்போகிறார்கள். பக்கிரிசாமி இப்போது நாட்டார், அன்றைக்குச் செத்துப்போன பெரியவரின் பேரன், தமுக்கடிக்கச் சொன்னவரின் மகன். "பழசக் கெளறாதம்மா, பங்கப் பிரிச்சுட்டான்னா நான் மறுபடி கூலிக்குத்தான் போவணும்" என்று இன்றைக்குக்கூட வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னான். "நல்லாருக்கும்மா," என்றாள் அவள் ஹரிணியிடம். பொய் சொல்ல அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவேண்டியதில்லை.

இப்போதெல்லாம் அப்படித் தள்ளிவைக்க முடியாது, கேஸாகிவிடும், போலீஸ் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தமுக்கு அடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். டீசல் வரும் நாளை ஒருத்தனுக்கு மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள். ஏலத்தில் அவன் கூடை வரும்போது வியாபாரிக்கு டீ குடிக்கப் போகவேண்டியிருக்கும். மறப்பதற்கென்றே ஊர் ஒரு புத்தியைத் தனியாக வைத்திருக்கிறது, எதை மறக்கவேண்டுமோ அதைச் சரியாக மறக்கும். போன வருஷம் கோவிந்தன் செத்த அன்றைக்கு என்ன நடந்தது? விஷயம் தெரியாமல் ஆறேழு படகு கடலில் நின்றது, சாயங்காலம் மீனோடு வந்து சேர்ந்தார்கள், அவள் கருவாட்டுக் கூடையோடு கரையில் நின்றிருந்தாள். பக்கிரிசாமி அண்ணன் வந்தார், எட்டிப் பார்த்தார், "தெரியாமப் போனதுதானே, பரவால்ல, சட்டுபுட்டுன்னு மீன எறக்குங்கப்பா, ஐஸ் கரைஞ்சுடும்" என்றார். அவ்வளவுதான். ஐஸ் கரைந்துவிடுமாம். அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள், வெயில் என்று நினைத்து யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அவ்வளவு சுலபமா அது? அப்படி ஒரு வார்த்தையில் முடிகிற சமாச்சாரமா? அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் தம்பிக்கு இன்றைக்கு அறுபது நெருங்கும், தலை நரைத்து, வழுக்கை விழுந்து, பெஞ்சாதியோடு சண்டை போட்டுக்கொண்டு, அக்கா வீட்டில் வந்து சோறு கேட்பான். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்காரன் வரவில்லை. அம்மா தெருவில் நின்று கூப்பிட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே விளக்கு எரிந்தது, அதற்குப் பிறகு விடிவதற்கு முன்னால் அப்பா. அங்கே வந்ததும் புத்தி மடங்கித் திரும்பிக்கொள்கிறது, இத்தனை வருஷமாக இதே கதை, வாய்க்காலில் கட்டை கிடந்தால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி. பெட்டிக்குள் இருக்கிற கடல் மறுபடி முதல் அலையிலிருந்து ஆரம்பித்தது. யாராவது அதை அணைத்துத் தொலைத்தால் என்ன.

கதவைத் தள்ளிக்கொண்டு பக்கிரிசாமியே வந்தார், வெள்ளை வேட்டி, புது மேல்துண்டு, கையில் ஒரு சால்வைப் பொட்டலம். அவளைவிட மூன்று நாலு வயசு மூத்தவர், நல்ல மனுஷன் என்றுதான் ஊரில் பேர், அவளுக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை, சுனாமியில் அவள் வீடு போனபோது முதலில் வந்து நின்றவர். அதுதான் எரிச்சலே, கெட்டவராகவாவது இருந்திருக்கலாம். "கலெக்டரு பாலத்துகிட்ட வந்துட்டாராம், தையலு," என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ரொம்ப நீட்டிடாத. ஒங்கப்பாரு பெரிய தொழில்காரருன்னு சொல்லு, ஊருக்காக மரத்தக் குடுத்தோம்னு சொல்லு, போதும்." அவள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் விட்டால் இனி கேட்கவே போவதில்லை என்று தோன்றியது. "அண்ணே, எங்கப்பாவ ஊரு தள்ளி வச்சிருந்துச்சே, அது ஞாபகம் இருக்கா ஒங்களுக்கு?" "தள்ளி வச்சுதா? எப்ப?" என்றார். நடிக்கவில்லை, நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே தேடுகிறார், தேடுவது தெரிகிறது. "ஒங்கப்பாருதான் ஊரோட ஒட்டமாட்டாரு. தனியாத்தான் போவாரு, தனியாத்தான் வருவாரு. வீம்பு. எங்கப்பாகூடச் சொல்லுவாரு, அஞ்சாப்புலிக்கு யாரும் வேணாம்னு." "எங்களோட யாரும் பேசக்கூடாதுன்னு தமுக்கடிச்சாங்கண்ணே." அவர் சால்வைப் பொட்டலத்தின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார். "வீட்டுல சொல்லியிருந்தாங்க," என்றார் பிறகு, குரல் இறங்கிவிட்டது. "ஒன்னப் பாத்தா பேசாம வந்துரணும்னு. ஏன்னு நாங்க கேக்கல, சின்னப் புள்ளைங்கதானே. அப்பறம் பெரிசானதும் நீயும் யாரோடயும் பேசமாட்ட. ராங்கி புடிச்சவன்னு நெனைச்சுக்கிட்டோம். நம்ம செட்டுல எல்லாரும் அப்புடித்தான் நெனைச்சோம், தையலு." ராங்கி. அப்படியா. அவர்கள் பேசாததும் போய், அவள் பேசவில்லை என்று ஆகிவிட்டது. ஹரிணி போய்க் கேட்டபோது எல்லோரும் அதையே சொல்லியிருப்பார்கள், அவள் அதையும் பதிவுசெய்திருப்பாள். தள்ளினவன் மறந்துபோனால் சரி, அது உலகத்து நடப்பு, ஆனால் தள்ளப்பட்டவன்தான் விலகிப்போனான் என்று ஊரே ஒரு மனதாக ஞாபகம் வைத்திருக்கிறதே, இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது? இனி இந்தக் கூடத்துக்கு வருகிற பிள்ளைகள் அதைத்தான் படிக்கும். அவள் செத்தபிறகு திருத்திச் சொல்ல ஒரு நாக்கு இருக்காது, மதியழகனுக்கே முழுசாகத் தெரியாது, அவனிடமும் உப்பைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள். "அதெல்லாம் இப்ப எதுக்கு," என்றார் பக்கிரிசாமி எழுந்துகொண்டு, ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ரிப்பன் வெட்டினார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள், கூடம் நிறைந்துவிட்டது, ஆட்கள் வந்து நிறைந்த பிறகுதான் குளிர் குறைந்தது. கலெக்டர் சின்ன வயசுக்காரர், மரத்தைச் சுற்றி வந்து போட்டோ எடுத்துக்கொண்டார், மக்களின் வரலாற்றை மக்களே எழுதவேண்டும் என்று நன்றாகத்தான் பேசினார். பக்கிரிசாமி மைக்கில் அவள் பேரைச் சொன்னார், இந்தத் தடவை முதல் அழைப்பிலேயே எழுந்துவிட்டாள், அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மதியழகன் சுவரோரம் நின்றிருந்தான், அவள் கண்ணைப் பிடித்து, லேசாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. பங்கு போனால் பங்குதான் போகும், டேய். மைக் கையில் கனமாக இருந்தது. "எங்கப்பா பேரு அஞ்சாப்புலி," என்றாள். தன் குரல் கூடம் முழுக்க எதிரொலித்து வந்ததும் ஒரு கணம் மிரண்டு நிறுத்தினாள். "இந்த மரத்துல அவரு தனியாக் கடலுக்குப் போனாரு. ஒரு வருசத்துக்கு மேல. கூட யாரும் போவல." கலெக்டர் முதலில் தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள், ஓடு பறக்கிற மாதிரி கைதட்டல். ஹரிணியின் கண் பளபளத்தது, தனியொருவராய்க் கடலை வென்ற வீரர் என்று அவள் மனசுக்குள் பலகை எழுதிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. கடவுளே, உண்மையைச் சொன்னாலும் தட்டுகிறார்கள், பொய்யைச் சொன்னாலும் தட்டுகிறார்கள், இவர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? பக்கிரிசாமி சிரித்த முகத்தோடு மைக்கை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. "தட்டாதீங்க," என்றாள். "நான் பெருமைக்குச் சொல்லல. இந்த ஊரு எங்களத் தள்ளி வச்சிருந்துச்சு, அதான் தனியாப் போனாரு. அப்ப எனக்கு ஒரு தம்பி இருந்தான், கைப்புள்ள. காய்ச்சல்ல செத்துப்போனான். பொதைக்க ஊருல எடம் குடுக்கல." போட்டோ எடுத்துக்கொண்டிருந்த போன்கள் இறங்கின. "விடியறதுக்கு முன்ன எங்கப்பா இந்த மரத்தத் தள்ளுனாரு. அன்னிக்கு மட்டும் அவரு தனியாப் போவல. பொட்டப்புள்ள மரத்துல கால் வைக்கக்கூடாதும்பாங்க. நான் வச்சேன். தோ, அந்த முன்கட்டையிலதான் குந்தியிருந்தேன். தம்பி என் மடியில இருந்தான். கரைக்குத் திரும்பி வர்றப்ப மடியில அவனச் சுத்தியிருந்த துணி மட்டும்தான் இருந்துச்சு." இன்னும் சொல்ல இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை, எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, மைக்கைப் பக்கிரிசாமியின் கையில் வைத்தாள்.

"நீங்க பேசுங்கண்ணே," என்றாள். "யாராவது பேசுங்க."